கடைசியாக வந்தவர் கதவை மூடலாமா?

இங்கிலாந்தின் பெட்ஃபோர்ட்ஷயரில் டெம்ஸ்ஃபோர்ட் என்றொரு கிராமம் இருக்கிறது. சனத்தொகை சுமார் அறுநூறு. ஊரின் ஓரமாகக் கிரேட் ஊஸ் ஆறு ஓடுகின்றது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், ஜேர்மனியர் வசமிருந்த பிரான்சுக்குள் பிரித்தானிய இரகசிய முகவர்கள் இவ்வூருக்கு அருகிலிருந்த விமானத்தளத்திலிருந்து இரவு வேளைகளில் அனுப்பப்பட்டனர். அதைத் தவிர, அண்மைக்கால வரலாற்றில் அந்த ஊர் பெரிதாகப் பேசப்பட்டதில்லை. 2025 செப்டெம்பரில் நிலைமை மாறியது. சேர் மைக்கல் லயன்ஸ் தலைமையில் அரசு நியமித்த செயலணி, புதிய நகரங்களுக்கெனப் பன்னிரண்டு இடங்களைப் பரிந்துரை செய்தது. அவற்றுள் முதலிடம் பெறத் தக்கவை எனக் குறிக்கப்பட்ட மூன்றில் டெம்ஸ்ஃபோர்ட்டும் ஒன்று. அறுநூறு பேர் வாழும் ஊரைச் சுற்றி 40,000 வீடுகள் வரை எழலாம்.

இத்தகைய செய்தி வெளிவந்ததும் அடுத்து என்ன நடக்கும் என்பதை இங்கிலாந்தின் பத்திரிகைகளை வாசித்து வருபவர்கள் அறிவர். ஊர் மண்டபத்திலே கூட்டம் கூடும். வீதிகள் தாங்குமா, ஆறு பெருகினால் என்ன செய்வது, வைத்தியரைப் பார்க்க இப்போதே நாட்கணக்கில் காத்திருக்கிறோமே, விளைநிலத்தை இழந்தால் மீளப் பெற முடியுமா என்ற கேள்விகள் எழும். மனுக்கள் அச்சாகும். மறுபுறத்தில், இவர்கள் எல்லோரும் சுயநலவாதிகள், தத்தம் வீட்டு விலையைக் காப்பதற்கே பசுமையைப் பேசுகின்றனர் என்று ஆசிரியத் தலையங்கங்கள் தீர்ப்பு வழங்கும். 'என் கொல்லைப்புறத்தில் மட்டும் வேண்டாம்' என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளைச் சேர்த்து 'நிம்பி' என்றொரு வசைச்சொல்லே அங்கு புழக்கத்தில் உண்டு.

இவ்விரு தரப்பில் ஒன்றைத் தெரிவுசெய்து கொடிபிடிப்பது எளிது. ஆனால் இந்தச் சண்டைக்கு எண்பது வருட வரலாறு இருக்கின்றது. அந்த வரலாற்றைப் பார்த்தால், எதிர்ப்பவர்களின் வாதங்கள் அதிகம் மாறவில்லை என்பது தெரியும். மாறியிருப்பது அவர்களுக்கு அரசு சொல்லக்கூடிய பதில். என் கருத்தில் முழுப் பிரச்சினையின் சாரமும் அதுதான்.

ஸ்டீவனேஜ் என்ற ஊரிலிருந்து தொடங்குவோம். லண்டனுக்கு வடக்கே முப்பது மைல் தூரத்தில், ஹேர்ட்ஃபோர்ட்ஷயரில் உள்ள ஊர் அது. 1946 இல் அங்கு ஏறத்தாழ ஆறாயிரம் பேரே வாழ்ந்தனர். போர் முடிந்து ஓராண்டு. லண்டனின் வீடுகளில் பெரும் பகுதி குண்டுவீச்சினால் அழிந்தோ சிதைந்தோ கிடந்தது. ஓர் அறையில் ஒரு குடும்பம் என்ற நிலை. அந்த வருடக் கோடையில் வீடற்ற ஆயிரக்கணக்கானோர் கைவிடப்பட்ட இராணுவ முகாம்களுக்குள் தாமாகவே புகுந்து குடியேறினர். அட்லி தலைமையிலான தொழிற்கட்சி அரசு, லண்டனுக்கு வெளியே புதிய நகரங்களை அமைப்பதென முடிவு செய்தது. அவற்றுள் முதலாவதாகத் தெரிவு செய்யப்பட்டது ஸ்டீவனேஜ். ஆறாயிரம் பேரின் ஊர் அறுபதாயிரம் பேரின் நகரமாக வேண்டும் என்பது திட்டம்.

1946 மே 6ஆந் திகதி, நகர் மற்றும் கிராமத் திட்டமிடல் அமைச்சர் லூயிஸ் சில்கின் நேரில் வந்து ஸ்டீவனேஜ் மக்களிடம் பேசினார். மண்டபத்துக்குள் இடம் போதாமல் வெளியே பெருங்கூட்டம் நின்றது. 'சர்வாதிகாரி' என்றும் 'கெஸ்டாபோ' என்றும் கூச்சல் எழுந்தது. நீங்கள் எவ்வளவு கேலி செய்தாலும் இது நடந்தே தீரும் என்ற பொருளில் அமைச்சர் பதிலளித்தார். அவர் வெளியே வந்தபோது அவரது காரின் சக்கரங்களில் காற்று இறக்கப்பட்டிருந்தது. பெற்றோல் தாங்கிக்குள் மணல் போடப்பட்டிருந்தது. அவ்வருட டிசெம்பரில் ஒருநாள் ரயில் நிலையத்தின் பெயர்ப்பலகையைப் பார்த்தவர்கள் ஸ்டீவனேஜ் என்பதற்குப் பதிலாக 'சில்கின்கிராட்' என்ற பெயரைக் கண்டனர். ஸ்டாலின்கிராட்டை நினைவூட்டும் கிண்டல் அது.

சில்கின் யார் என்பதையும் இங்கே கூறவேண்டும். லித்துவேனியாவிலிருந்து வந்த யூதக் குடும்பத்தில், லண்டனின் கிழக்குப் பகுதியில் பிறந்தவர் அவர். நெரிசல் என்றால் என்னவென்று அறிக்கைகளைப் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய நிலையில் இருந்தவர் அல்லர்.

எதிர்த்தவர்கள் பெயர்ப்பலகையோடு நின்றுவிடவில்லை. நீதிமன்றம் சென்றனர். விசாரணை நடத்த முன்னரே முடிவெடுத்துவிட்ட அமைச்சர் எங்கள் ஆட்சேபனைகளை எப்படித் திறந்த மனத்தோடு கேட்பார் என்பது அவர்களின் வாதம். 1947 பெப்ரவரியில் மேல் நீதிமன்றம் அவர்களுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. மேன்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. இறுதியில் அதே வருடம் யூலையில் பிரபுக்கள் சபை, அமைச்சரின் கடமை நிர்வாகம் சார்ந்தது, அவர் நீதிபதியின் நிலையில் இருக்கவில்லை என்று கூறி வழக்கைத் தள்ளுபடி செய்தது. சட்டம் படிப்போர் இன்றும் இவ்வழக்கைப் படிக்கின்றனர். ஆட்சேபிப்பவர் தோற்றார், ஆயினும் ஒரு சிற்றூரின் குடிமக்கள் ஒரு மந்திரியை நாட்டின் அதியுயர் நீதிபீடம் வரை இழுத்துச் செல்ல முடிந்தது என்பதைக் குறித்துக்கொள்வோம்.

எதிர்த்தவர்களில் எழுத்தாளர் ஈ. எம். ஃபோர்ஸ்டரும் ஒருவர். சிறுவனாக அவர் பத்து வருடங்கள் வாழ்ந்த வீடு ஸ்டீவனேஜின் வடபுறத்தில் இருந்தது. 1910 இல் வெளிவந்த 'ஹோவர்ட்ஸ் எண்ட்' நாவலின் வீடு அதை மாதிரியாகக் கொண்டதே. 1946 இல் வானொலியில் பேசியபோது, தான் அறிந்த மண் அழியப்போவதை எண்ணி அவர் வருந்தினார். அதே பேச்சில், மக்களுக்கு வீடுகள் வேண்டும் என்பதையும் ஒப்புக்கொண்டார். வட லண்டனில் இரண்டு அறைகளுக்குள் நான்கு பிள்ளைகளை வளர்க்கும் தொழிலாள நண்பர்களை நினைவுகூர்ந்தார். இரண்டு விசுவாசங்கள் ஒன்றோடொன்று மோதுகின்றன, இதற்குத் தம்மிடம் சமன்பாடு இல்லை என்பதே அவர் சொன்னதன் சாரம். எதிர்ப்பவர்களில் இத்தனை நேர்மையாகப் பேசியவர்கள் அப்போதும் குறைவு, இப்போதும் குறைவு.

நகரம் எழுந்தது. அதன் அபிவிருத்திக் கூட்டுத்தாபனத்துக்கு 1949 இல் தலைவியான மொனிக்கா ஃபெல்டனைத் தமிழ் வாசகர்கள் அறிந்திருக்க வேண்டும். 1951 இல் போர் நடந்துகொண்டிருந்த வட கொரியாவுக்குச் சென்றுவந்ததால் பதவி பறிக்கப்பட்ட அவர், பின்னர் சென்னைக்கு வந்து வாழ்ந்து, ராஜாஜியைப் பற்றியும் சகோதரி சுப்புலட்சுமியைப் பற்றியும் நூல்கள் எழுதினார். அவர் பதவி இழந்த அதே 1951 இல்தான் புதிய நகரின் முதல் வீடுகளில் மக்கள் குடிபுகுந்தனர். லண்டனில் மாடிப்படியில் அடுப்பு வைத்துச் சமைத்த குடும்பங்களுக்குக் குளியலறையும் தோட்டமும் கொண்ட வீடு கிடைத்தது. வாடகை கூட்டுத்தாபனத்துக்குச் சேர்ந்தது. சில வருடங்களுக்குள் அந்தப் புதியவர்களே கூட்டம் போட்டு, நகர மையத்துக்குள் வாகனம் வரக்கூடாது என்று கோரினர். 1959 இல் மகாராணி திறந்துவைத்த அந்த மையம், நடந்து செல்வோருக்கென்றே அமைக்கப்பட்ட முதல் பிரித்தானிய நகர மையமாகப் புகழ்பெற்றது. 2021 குடிசன மதிப்பீட்டின்படி ஸ்டீவனேஜில் வாழ்பவர்கள் ஏறத்தாழ 89,000 பேர்.

இனித்தான் கதையின் சுவையான திருப்பம். ஸ்டீவனேஜ் நகரசபை 2019 இல் ஏற்றுக்கொண்ட திட்டத்தில், ஊரின் வடக்கே எஞ்சியிருந்த வயல்வெளியில் 800 வீடுகள் கட்டுவதற்கு இடம் ஒதுக்கப்பட்டது. 'ஃபோர்ஸ்டர் நாடு' என்று அழைக்கப்படும் வயல்வெளி அது. உடனே எதிர்ப்பு எழுந்தது. மனு, கூட்டம், கடிதம் எல்லாம் மீண்டும் வந்தன. இம்முறை எதிர்த்தவர்கள் வாழ்வதோ, 1946 இல் எதிர்க்கப்பட்ட அதே நகரில். அன்று யாருடைய வருகையைத் தடுக்க ரயில் நிலையத்தின் பெயரை மாற்றினார்களோ, அவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று 'இதற்கு மேல் வேண்டாம்' என்கின்றனர்.

இதைக் கேட்டுச் சிரிப்பவர்கள் சிரிக்கலாம். எனக்கு இதில் பாசாங்கு தெரியவில்லை. ஓரிடத்தில் ஒருவர் வேரூன்றிவிட்டார் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. வந்து குடியேறிய இடம் ஒரு தலைமுறைக்குள் சொந்த ஊராகிவிடுகிறது. சொந்த ஊர் தான் கண்டபடியே இருக்க வேண்டும் என்று மனிதன் விரும்புகிறான். தனக்குப் பின்னால் கதவை மூடும் ஆசை மனித இயல்பு. ஆனால் மனித இயல்பு என்பதனாலேயே அது நியாயம் ஆகிவிடாது.

ஏனெனில் இந்த வழக்கில் ஒரு தரப்பு எப்போதுமே மன்றுக்கு வருவதில்லை. ஊரில் ஏற்கெனவே வாழ்பவருக்குப் பெயர் உண்டு, முகவரி உண்டு, வாக்கு உண்டு. கட்டப்படாத வீட்டில் குடியிருக்கப் போகின்றவருக்கு இவற்றில் எதுவும் கிடையாது. தான் அங்கே வாழப்போவது அவருக்கே தெரியாது. எனவே ஊர் மண்டபக் கூட்டத்திலே அவருடைய கதிரை எப்பொழுதும் வெறுமையாகவே இருக்கும். 1997 இல் இங்கிலாந்தில் ஒரு சராசரி வீட்டின் விலை சராசரி வருடச் சம்பளத்தின் மூன்றரை மடங்கு. இன்று அது எட்டு மடங்கை அண்டி நிற்கின்றது. 2024 இன் முடிவில் இங்கிலாந்தில் ஒரு இலட்சத்து இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள், உள்ளூராட்சி சபைகள் ஒழுங்குசெய்த தற்காலிக இருப்பிடங்களில் வாழ்ந்தன. அந்தக் கதிரையில் உட்கார வேண்டியவர்கள் இவர்களே. அவர்களுக்காகப் பேச வேண்டிய கடமை அரசினுடையது.

அப்படியானால் எதிர்ப்பவர்கள் தவறு, அரசு சரி என்று முடித்துவிடலாமா? முடியாது. அதை விளங்கிக்கொள்வதற்குச் சேர் பட்ரிக் அபர்குரொம்பி என்ற மனிதரைப் பார்க்க வேண்டும்.

1926 இல் இங்கிலாந்தின் கிராமப்புறத்தைப் பாதுகாக்கும் மன்றம் தோன்றியபோது அதன் பின்னால் நின்ற முதன்மையானவர் அபர்குரொம்பி. பெருவீதிகளின் இருமருங்கும் வீடுகள் வரிசையாக முளைத்து வயல்வெளிகளை விழுங்குவதைக் கண்டு வெகுண்டெழுந்தவர். 1944 இல் வெளியான லண்டன் பெரும்பாகத் திட்டத்தைத் தயாரித்து, நகரைச் சுற்றித் துணைநகரங்கள் எழவேண்டும் என்று சொன்னவரும் அவரே. ஸ்டீவனேஜ் அத்திட்டத்திலே இருந்தது. கிராமத்தைக் காக்க முற்பட்டவரே கிராமத்தில் நகரம் அமைக்கச் சொன்னதில் முரண்பாடு எதுவும் இல்லை. அது ஓர் உடன்படிக்கை. லண்டன் கண்டபடி வீங்காமல் சுற்றிலும் பசுமை வலயம் என்ற வேலி இடப்படும். வேலிக்கு அப்பால், பாடசாலை, தொழிற்சாலை, வைத்தியசாலை, பூங்கா எல்லாம் அமைந்த முழுமையான நகரங்களில் மக்களுக்கு இடம் தரப்படும். இரண்டும் சேர்ந்தால்தான் அது நியாயமான திட்டம்.

அந்த உடன்படிக்கைக்கு மூன்றாவது கால் ஒன்றும் இருந்தது: நிலத்தின் விலை. புதிய நகரங்களின் கூட்டுத்தாபனங்கள் நிலத்தை ஏறத்தாழ விவசாய நிலத்தின் விலைக்கே பெற்றன. 1947 இன் திட்டமிடல் சட்டம், அபிவிருத்தி அனுமதியினால் நிலத்துக்கு ஏறும் பெறுமதி முழுவதும் பொதுமக்களுக்கே உரியது என்று கூறி, அதன்மீது நூறு வீத அறவீட்டை விதித்தது. இதிலே ஓர் அடிப்படை உண்மை அடங்கியிருந்தது. வயலைக் கட்டட நிலமாக்கி அதன் விலையைப் பன்மடங்கு ஆக்குவது நிலச்சொந்தக்காரரின் உழைப்பு அல்ல. சமூகம் கொடுக்கும் அனுமதி. ஆகவே அந்த இலாபத்தில் வீதி, பாடசாலை, பூங்கா எல்லாம் அமைய வேண்டும்.

மூன்று கால்களில் இரண்டு முறிக்கப்பட்டன. பெறுமதி அறவீட்டைக் கொன்சர்வேட்டிவ் அரசு 1953 இல் ஒழித்தது. 1959 இல் கொண்டுவரப்பட்ட சட்டம், அரசு கட்டாயமாகச் சுவீகரிக்கும் நிலத்துக்கும் சந்தை விலையே கொடுக்க வேண்டும் என்றது. அனுமதி கிடைத்தால் எவ்வளவு பெறுமோ என்ற எதிர்பார்ப்பும் அந்த விலைக்குள் ஏறிக்கொண்டது. ஐக்கிய இராச்சியம் எங்கும் முப்பதுக்கும் மேற்பட்ட புதிய நகரங்கள் பிரகடனம் செய்யப்பட்டபின், 1970களில் அந்த முயற்சியும் நின்றது. இங்கிலாந்தின் இறுதிப் பிரகடனம் 1970 இல் வந்தது. மிஞ்சியது வேலி மட்டுமே. 1955 இல் அமைச்சர் டங்கன் சாண்டிஸ் மற்ற நகரங்களையும் பசுமை வலயம் அமைக்குமாறு தூண்டியதைத் தொடர்ந்து அந்த வேலி பரந்து, இன்று இங்கிலாந்தின் நிலப்பரப்பில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கை அடைத்து நிற்கின்றது. வேலியை வைத்துக்கொண்டு, வேலிக்கு அப்பால் தருவதாகச் சொன்ன இடத்தைத் தராமல் விடுவது உடன்படிக்கையை மீறுவதாகும். பசுமை வலயத்தின் பெயரால் இன்று பேசுவோர் இந்தப் பாதியை மறந்துவிடுகின்றனர்.

மறுபாதியை மறந்தவர்கள் அரசாங்கங்களும் வீடமைப்பு நிறுவனங்களும். 1980களில் பெரிய வீடமைப்பு நிறுவனங்கள் கூட்டுச் சேர்ந்து தாமே புதிய நகரங்களை அமைக்க முன்வந்தன. ஹாம்ப்ஷயரில் ஃபொக்ஸ்லி வூட் என்ற பெயரில் 4,800 வீடுகள் கொண்ட திட்டம் அவற்றில் ஒன்று. பகிரங்க விசாரணை நடத்திய அதிகாரி அதை நிராகரிக்கப் பரிந்துரைத்தார். சுற்றாடல் அமைச்சர் நிக்கலஸ் ரிட்லி, 1989 யூலையில் அதற்கு அனுமதியளிக்கத் தமக்கு எண்ணம் உண்டெனத் தெரிவித்தார். மக்கள் அவரது கொடும்பாவியை எரித்தனர். அது கொன்சர்வேட்டிவ் கட்சியின் கோட்டை, அமைச்சரும் அதே கட்சிக்காரர் என்பது கவனிக்கத்தக்கது. அம்மாதமே அமைச்சுப் பொறுப்பேற்ற கிறிஸ் பட்டன், ஒக்டோபரில் திட்டத்தை நிராகரித்தார். இதே ரிட்லிதான் 'நிம்பி' என்ற சொல்லைப் பிரபலப்படுத்தியவர். பின்னர், தமது வீடு இருந்த கிராமத்துக்கு அருகே வீடுகள் கட்டுவதை அவரே ஆட்சேபித்திருந்த விடயம் வெளிவந்து சந்தி சிரித்தது.

சில்கினையும் ரிட்லியையும் அருகருகே நிறுத்திப் பாருங்கள். இருவருமே மக்களின் கோபத்துக்கு ஆளானவர்கள். ஆனால் சில்கினிடம் ஒரு பதில் இருந்தது. 'உங்கள் வயலை எடுக்கிறேன். அதில் எவரும் கொள்ளை இலாபம் பெறமாட்டார். வீடற்ற தொழிலாளி வாடகைக்கு வாழ்வான். அவனுடன் பாடசாலையும் வேலையும் சேர்ந்தே வரும்' என்று அவரால் சொல்ல முடிந்தது. ரிட்லியிடம் சந்தை கேட்கிறது என்ற பதில் மாத்திரமே இருந்தது. முதலாவது பதிலைக் கேட்டும் எதிர்ப்பவரைச் சுயநலவாதி எனலாம். இரண்டாவதைக் கேட்டு எதிர்ப்பவரை அப்படிச் சொல்வதற்கு நமக்கு உரிமை இல்லை. 2015 இல் பிரித்தானிய அரசே செய்த மதிப்பீட்டின்படி, ஒரு ஹெக்டேயர் விவசாய நிலத்தின் பெறுமதி சுமார் 21,000 பவுண். குடியிருப்பு அனுமதி கிடைத்தபின், லண்டனை நீக்கிப் பார்த்தாலும், சுமார் 21 இலட்சம் பவுண். ஒரு கையொப்பத்தினால் நூறு மடங்கு. அந்த நூறு மடங்கு யாருடைய பைக்குள் போகிறது என்று கேட்காமல், எதிர்ப்பவர்களுக்கு இரக்கமில்லை என்று திட்டுவது அறமாகாது.

இலங்கைத் தமிழனுக்கு இதில் என்ன என்று வாசகர்கள் கேட்கலாம். அபர்குரொம்பி நமக்கும் அந்நியர் அல்லர். பேராதனைப் பல்கலைக்கழக வளாகத்தின் திட்டத்தில் அவரது கை இருந்தது. 1948 இல் கொழும்புப் பிரதேசத்துக்கான திட்டத்தையும் அவரே வரைந்தார். ராகமை, ஹோமாகமை, இரத்மலானை ஆகியவற்றைத் துணைநகரங்களாக்க வேண்டும் என்பது அவரது யோசனை. நமது நகர், கிராமத் திட்டமிடல் கட்டளைச் சட்டமும் ஸ்டீவனேஜ் பிரகடனம் செய்யப்பட்ட அதே 1946 ஆம் ஆண்டுக்குரியது. ஏட்டிலே எல்லாம் இருந்தன. நடந்ததோ வேறு. காலி வீதியிலும் கண்டி வீதியிலும் பயணம் செய்பவர் எவரும், பெருவீதியோரம் வீடும் கடையுமாக நீண்டு செல்லும் நகரத்தைக் காணலாம். 1926 இல் அபர்குரொம்பி எதை அஞ்சினாரோ அதுதான் அது. அதன் பின்னால் மண் போட்டு நிரப்பப்பட்ட வயல்களையும் காணலாம்.

ஆனால் நம்மவருக்குக் கிராமப்புறத்தில் அரசு அமைக்கும் புதிய குடியிருப்பு என்றதும் மனதில் எழுவது துணைநகரம் அல்ல, குடியேற்றத் திட்டம். கல்லோயா, கந்தளாய், அல்லை என்று அந்தப் பட்டியலை ஒவ்வொரு தமிழ் வீட்டிலும் சொல்லக் கேட்கலாம். அங்கும் காணியற்ற ஏழை விவசாயியின் பெயரால்தான் திட்டங்கள் வந்தன. அவனுடைய ஏழ்மை உண்மை. ஆனால் யார் தெரிவு செய்யப்படுவார், யார் தெரிவு செய்வார் என்ற கேள்விக்கு நேர்மையான பதில் இருக்கவில்லை. 1957 இன் பண்டாரநாயக்க-செல்வநாயகம் ஒப்பந்தம், குடியேற்றத்துக்கு ஆட்களைத் தெரிவுசெய்யும் அதிகாரத்தைப் பிரதேச சபைகளுக்குக் கொடுக்க முயன்றது இதனாலேயே. மறுவருடம் அந்த ஒப்பந்தம் கைவிடப்பட்டது. ஸ்டீவனேஜ் வேறு, கல்லோயா வேறு. முன்னையதில் ஒரு நாட்டின் நகர மக்கள் அந்நாட்டின் கிராமத்துக்கு வந்தனர். பின்னையதில் ஒரு மாகாணத்தின் இன விகிதமே கேள்விக்குள்ளானது. இரண்டையும் ஒரே தட்டில் வைப்பது தவறு. எனினும் ஒரு பாடம் பொதுவானது. இல்லாதவனின் பெயரைச் சொல்லி அரசு நிலத்தை எடுக்கும்போது, உண்மையிலேயே அது யாருக்குப் போய்ச் சேர்கிறது என்று கேட்கும் உரிமை ஊரில் உள்ளவனுக்கு இருக்க வேண்டும். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாத அரசு, எவ்வளவு நல்ல காரணத்தைச் சொன்னாலும், சந்தேகத்தையே விதைக்கிறது.

புலம்பெயர்ந்த வாசகர்களுக்கு இது இன்னும் நெருக்கமான விடயம். ஹரோவிலும் வெம்ப்ளியிலும் நம்மவர் வாழும் தெருக்களில் பல, இரண்டு உலகப் போர்களுக்கிடையில் மெட்ரோபொலிட்டன் ரயில் பாதையைத் தொடர்ந்து வயல்களின் மீது எழுந்தவை. அவை எழுந்தபோது அவற்றையும் அவலட்சணம் என்று வைதவர்கள் உண்டு. அரை நூற்றாண்டு கழித்து, சூட்கேசோடு வந்திறங்கிய நம்மவர் அந்த வீடுகளில் குடியேறியபோது, அத்தெருக்களின் பழைய குடிகள் எல்லோரும் மகிழ்ச்சியோடு வரவேற்றார்கள் என்று சொல்வதற்கில்லை. இன்று அந்த வீடுகளின் கடன் தீர்ந்துவிட்டது. பூக்கன்றுகள் வளர்ந்துவிட்டன. அடுத்த தெருவில் மாடிக்குடியிருப்பு வருகிறதாம், நகரின் விளிம்பில் உள்ள வயலில் ஆயிரம் வீடு கட்டப்போகிறார்களாம் என்று ஒரு மனு வாசலுக்கு வரும்போது பேனாவை எடுக்குமுன், மேல்மாடி அறையில் இன்னும் பெற்றோருடன் தங்கியிருக்கும், உழைத்தும் வீடு வாங்க இயலாத தம் மகனையோ மகளையோ ஒரு தரம் நினைத்துப் பார்ப்பது நல்லது. வெறுமையாகக் கிடக்கும் அந்தக் கதிரை பெரும்பாலும் நம் வீட்டுப் பிள்ளையினுடையதே.

மனுவில் கையெழுத்திடாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள் என்கிறேன். 'கட்டாதே' என்று மட்டும் இருந்தால் அது கதவை மூடும் மனு. நிலத்தை என்ன விலைக்கு எடுக்கிறாய், ஏறும் பெறுமதியில் பொதுமக்களுக்கு எவ்வளவு, சாதாரண சம்பளத்தில் வாழ்பவருக்கு எத்தனை வீடு, பாடசாலையும் வைத்தியரும் வீடுகளுக்கு முன்னரா பின்னரா, வெள்ளம் வழிந்தோட வைத்திருக்கும் இடம் எது என்று கேட்டிருந்தால், அது ஊரையும் காக்கும், வரப்போகின்றவரையும் காக்கும். எதிர்ப்பு இயக்கங்களுள் மதிக்கத்தக்கவை இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தவை.

2024 யூலையில் ஆட்சிக்கு வந்த தொழிற்கட்சி அரசு, ஒரு பாராளுமன்றக் காலத்துக்குள் 15 இலட்சம் வீடுகள் என்ற இலக்கை அறிவித்தது. அவ்வருட டிசெம்பரில், பசுமை வலயத்துக்குள் இருந்தும் அதன் நோக்கங்களுக்கு வலுவாகப் பங்களிக்காத நிலங்களுக்குச் 'சாம்பல் வலயம்' என்று பெயரிட்டு வேலியைச் சற்றுத் தளர்த்தியது. எதிர்பார்ப்புப் பெறுமதியை நீக்கி நிலத்தை எடுப்பதற்குச் சில சந்தர்ப்பங்களில் இடமளிக்கும் சட்டம் 2023 இல் முந்திய அரசின் காலத்திலேயே நிறைவேறிவிட்டது. ஆகவே கருவி கையில் இருக்கிறது. டெம்ஸ்ஃபோர்ட்டின் அறுநூறு பேரிடம் போகும் அமைச்சர் எவரும் முதலில் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்: அந்தக் கருவியைப் பயன்படுத்தப் போகிறீர்களா, இல்லையா?

பயன்படுத்துவதானால், கூச்சலுக்கு நடுவே நின்று 'இது நடந்தே தீரும்' என்று சொல்லும் துணிவு அவருக்கு இருக்கலாம். அந்தத் துணிவுக்கு நியாயமும் இருக்கும். இல்லையென்றால், வீடற்றவர்களின் பெயரை அவர் வாயில் எடுக்காமல் இருப்பதே நன்று. நிலச்சொந்தக்காரருக்கும் பங்குதாரருக்கும் சேரப்போகும் நூறு மடங்குக்காக அறுநூறு பேர் தம் ஊரை விட்டுக்கொடுக்க வேண்டும் என்று கேட்பதற்கு எந்த அரசுக்கும் தார்மீக உரிமை கிடையாது.